பன்னிரண்டாம் நம்பரை அடுக்கி வைத்த ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் அஞ்சுவிடமிருந்து போன் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் நான் குப்பை கொட்டிய ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் இப்போது என் நாற்காலியில் உட்காருகிற பெண். மலையாளத்துப் பிள்ளைதான், ஆனால் என்னிடம் தமிழில்தான் பேசுவேன் என்று அடம்.

"சேச்சி, அந்தப் பழைய சிந்தசைஸர் இல்லே, அதைப் புது கம்ப்யூட்டரோட கனெக்ட் செய்யறேன். பன்னிரண்டாம் நம்பர்ல பதினாறு பார்ட்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம கிடக்கு. ஒரு ஒழுங்கும் இல்லை. ரீசெட் பண்ணிட்டு அழகா அடுக்கிடட்டா?"

"தொடாதே!" என்று நான் போட்ட கூச்சலில் எங்காத்துக்காரர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று எழுந்து வந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனது எல்லாம் ஆகி இருபது வருஷத்துக்கு மேலே ஆகிறது என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனேன்.

ஏன் தொடக்கூடாது என்பதைப் போனில் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் என்று தோன்றுகிறது. இதில் என்னுடைய பெருமை எதுவும் கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் மலையாள தேசத்திலே தமிழர்கள் குடியிருக்கிற வலியசாலையில் பிறந்து வளர்ந்தவள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். ரேடியோ ரிப்பேர் கடையில் ஒன்றரை வருஷம் சால்டரிங் இரும்பால் விரலைச் சுட்டுக்கொண்டேன். பிறகு இந்த ஸ்டூடியோவில் டேப் பெட்டிகளுக்கு லேபிள் எழுதுகிற வேலை கிடைத்தது. லேபிள் எழுத வந்தவள் எப்படியோ மிக்ஸர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும்.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். கை சும்மா இருக்காது. எதைக் கண்டாலும் அடுக்குவேன். அடுக்களையில் டப்பாக்கள் உயர வரிசையில் நிற்கும். எங்காத்துக்காரரின் கண்ணாடிக்கு நான் ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்த நாளிலிருந்து அந்த மனுஷனுக்கு ஒருநாள்கூட அது கண்ணில் பட்டதில்லை. "நீ எடுத்து வச்சது, நீயே தேடு" என்பார். அதிகப்பிரசங்கி என்று என் அம்மா வைத்த பேர் சும்மா வைத்ததில்லை.

ஸ்டூடியோவில் என் மேலதிகாரி குரியன் சார், தலைமை என்ஜினியர். குரல் உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர் திட்ட வேண்டுமென்றால் குரலை இன்னும் தணிப்பார், நாம் காதைக் கிட்டே கொண்டுபோய்த் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் வெள்ளை டேப் ஒட்டி எழுதியிருப்பார். சொருகும்போது வாய்விட்டுச் சொல்லுவார்: "கீபோர்டு அவுட், கம்ப்யூட்டர் இன்." எடுக்கும்போதும் சொல்லுவார். அறைக்குள் நாற்காலியை நகர்த்தினால்கூட "நாற்காலி இடப்பக்கம்" என்பார். முதல் இரண்டு மாதம் இவருக்குத் தனக்குத் தானே பேசுகிற வியாதியோ என்று நினைத்தேன். அறையில் இருக்கிற ஒருவருக்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்பது என் மரமண்டைக்கு ஏற ரொம்ப நாள் ஆனது.

அந்த ஒருவர் தங்கராஜ் அண்ணாச்சி. நாகர்கோவில் பக்கத்துக்காரர். அப்பா சாலை பஜாரில் ஒரு ஹோட்டலில் சரக்கு மாஸ்டராக வந்தவர். அண்ணாச்சிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்றோர் பள்ளியில் ஆர்மோனியம் படித்து, அங்கிருந்து கீபோர்டுக்கு வந்து, எங்கள் ஸ்டூடியோவில் யார் இசையமைத்தாலும் கீபோர்டு வாசிப்பது அவர்தான் என்று ஆகியிருந்தது. நன்றாக வாசிப்பார் என்று சொன்னால் போதாது. அவர் வாசித்தால் நான் மிக்ஸரில் கை வைக்க மறந்துபோவேன்.

அந்த சிந்தசைஸரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரே பெட்டிக்குள் பதினாறு வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் பார்ட் என்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், ஒன்றிலிருந்து பதினாறு. மூன்றாம் நம்பருக்கு வருகிற கட்டளைக்கு மூன்றாமவர் மட்டும்தான் வாசிப்பார், மற்றவர்கள் பேசாமல் இருப்பார்கள். யார் எந்த நம்பரில் உட்கார வேண்டும் என்று நாமே தீர்மானித்து, அந்தப் பந்தி வரிசையை ஒரு எண் கொடுத்துப் பெட்டிக்குள் சேமித்து வைக்கலாம். அண்ணாச்சியின் வரிசை பன்னிரண்டாம் நம்பரில் இருந்தது. வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

அந்தப் பெட்டியில் இருந்தது இரண்டு வரி பச்சைத் திரை. அண்ணாச்சிக்கு அதனால் காலணா பிரயோஜனம் கிடையாது. அவர் எண்ணுவார். ஸ்விட்ச் போட்டு எட்டு எண்ணினால் பெட்டி தயார். ஒன்று, இரண்டு, என்டர்: பன்னிரண்டாம் நம்பர் வந்தாச்சு. வலப்பக்க அம்புக்குறிப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் மூன்றாம் பார்ட். அங்கிருந்து ஐந்து தடவை என்றால் எட்டாவது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது கை வாசிக்க, வலது கை பொத்தானில் டக் டக் டக் என்று மூன்று அழுத்து அழுத்திவிட்டு அடுத்த வாத்தியத்துக்குத் தாவும். கண் உள்ளவர்கள் திரையைக் குனிந்து பார்ப்பதற்குள் இவர் அடுத்த வரிக்குப் போயிருப்பார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. காசெட் போய் சி.டி. வந்துகொண்டிருந்த காலம். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஒன்றை ஸ்டூடியோவில் வாங்கினார்கள். எல்லாரும் திரையைச் சுற்றி நின்று கல்யாண வீட்டு வீடியோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி மட்டும் பின்னால் நாற்காலியில் இருந்தார்.

"மீனா, இதுல எல்லாம் அந்த மௌஸ்தானா?"

"ஆமாம் அண்ணாச்சி."

"அப்ப எனக்கு ஒரு ஆள் வேணும். நான் வாசிக்க, அவன் அமுக்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே சமயத்தில் அவருக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. சசிதரன் என்று ஒரு தயாரிப்பாளர் நாட்டிய நாடகம் ஒன்றுக்கு ஐந்து பாட்டு வேண்டுமென்று வந்தார். இசையமைப்பு தங்கராஜ் செய்யட்டுமே என்று குரியன் சார் சொன்னார். அதுவரை இருபது வருஷம் மற்றவர்கள் பேரில் வாசித்த மனுஷன். சி.டி. அட்டையில் ‘இசை’ என்று போட்டு அவர் பேர் வந்ததே இல்லை. சசிதரனுக்கு மனசு அரைமனசு. கொச்சியில் இன்னொருவரையும் பார்த்து வைத்திருந்தார். "ஒரு பாட்டை என் முன்னால வச்சுப் பண்ணிக் காட்டட்டும், கம்ப்யூட்டரோட. பிறகு பார்க்கலாம்" என்றார். திங்கட்கிழமை காலை பத்து மணி என்று முடிவானது.

அண்ணாச்சி அவரிடம் சொன்ன பதில் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. "யாரும் என் கையைப் பிடிச்சு அமுக்க வேண்டாம் சார். நானே பண்ணுவேன்."

குரியன் சார் என்னைக் கூப்பிட்டு, "அவருக்கு ஏத்த மாதிரி அந்த மெஷினையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொடு" என்றார். அந்த வாரம் முழுக்க நானும் அண்ணாச்சியும் அதில்தான் கிடந்தோம். வேலை செய்ததிலேயே சந்தோஷமான வாரம் என்று கேட்டால் அதைத்தான் சொல்லுவேன்.

முதலில் இரண்டு மிடி கேபிள். கீபோர்டின் அவுட் கம்ப்யூட்டரின் இன்னுக்கு, கம்ப்யூட்டரின் அவுட் கீபோர்டின் இன்னுக்கு. இதில் போவது சத்தம் இல்லை, எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தினார் என்கிற செய்தி மட்டும்தான். சத்தத்துக்குத் தனியாக இரண்டு கேபிள், மிக்ஸருக்கு. சொருகினோம், அண்ணாச்சி ஒரு கட்டையை அழுத்தினார். சத்தம் மூக்கடைத்த மாதிரி வந்தது.

"ஒரே ஸ்வரத்தை ரெண்டு பேர் வாசிக்கிறானுவோ" என்றார் உடனே.

சரியாகச் சொன்னார். கட்டையை அழுத்தியதும் பெட்டி தானாக ஒரு தடவை ஒலிக்கிறது. அதே செய்தி கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை ஒலிக்கிறது. பெட்டிக்குள் ‘லோக்கல்’ என்று ஒன்று உண்டு. அதை ஆஃப் செய்தால் கட்டை வேறு, சத்தம் வேறு என்று பிரிந்துவிடும். கம்ப்யூட்டரைச் சுற்றி வந்தால்தான் ஒலிக்கும். ஆஃப் செய்தோம். சத்தம் கழுவி விட்டதுபோல வந்தது.

அடுத்தது சேனல். ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனி டிராக் வைத்து, ஒவ்வொன்றையும் மௌஸால் தேர்ந்தெடுப்பதுதான் எல்லாரும் செய்வது. அண்ணாச்சிக்கு அது ஆகாது. அதனால் எந்த நம்பரில் செய்தி வந்ததோ அதே நம்பரில் திருப்பி அனுப்பு என்று சாஃப்ட்வேரில் வைத்தேன். அவர் வழக்கம்போலப் பெட்டியிலேயே பொத்தானை எண்ணி அழுத்தினால் போதும். எல்லாம் ஒரே டிராக்கில் பதிவாகும், பிறகு சாஃப்ட்வேரே நம்பர் வாரியாகப் பதினாறாகப் பிரித்துக் கொடுக்கும். கடைசியாக, ரெக்கார்டு எப்படி ஆரம்பிப்பது? அதற்கு வழி சொன்னது அண்ணாச்சிதான். "இடது ஓரத்துல கடைசிக் கட்டையை எவன் வாசிக்கிறான்? அதை ரெக்கார்டுக்கு வை. அடுத்ததை ஸ்டாப்புக்கு வை." வைத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் முழுப் பாட்டையும் ஒரு ஆள் துணையில்லாமல் பதிவு செய்தார். நான் கண்ட்ரோல் ரூம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முடிந்ததும் ஸ்டாப் கட்டையைத் தட்டிவிட்டு, "மீனா, நீ வீட்டுக்குப் போகலாம்" என்றார். அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில்.

நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போய் அங்கேயே கிடந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன். ஸ்டூடியோவில் வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. பன்னிரண்டாம் நம்பரைத் திறந்து முதல் தடவையாக அந்தப் பச்சைத் திரையில் வரிசையாகப் பார்த்தேன். ஒன்றில் புல்லாங்குழல். இரண்டில் வீணை. மூன்றில் தாள வாத்தியங்கள். நான்கில் மணி. ஐந்தில் ஒன்றுமே இல்லை, காலி. ஆறில் வயலின் கூட்டம். ஏழில் மறுபடியும் புல்லாங்குழல். பதினொன்றில் தம்புரா. பேர் ஒன்றுக்கும் கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் நமநம என்று ஆகிவிட்டது. உலகத்தில் எல்லா சாஃப்ட்வேரும் தாளத்தைப் பத்தாம் நம்பரில்தான் எதிர்பார்க்கும், இவர் மூன்றில் வைத்திருக்கிறார். பாவம், கண் தெரியாமல் கைக்கு வந்த இடத்தில் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து அடுக்கினேன். தந்தி வாத்தியமெல்லாம் ஒன்றாக, குழல்கள் ஒன்றாக, தாளம் பத்தில். காலியிடத்தில் மணியை வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் பேர் தட்டினேன். பழைய பன்னிரண்டாம் நம்பர் மேலேயே சேமித்தேன். பழையதை வேறு எண்ணில் ஒரு நகல் எடுத்து வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. திங்கட்கிழமை அண்ணாச்சி ஆச்சரியப்பட்டுப் போவார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை பஸ் நெரிசலில் மாட்டி நான் பத்தடிக்கப் பத்து நிமிஷத்துக்குத்தான் உள்ளே நுழைந்தேன். அண்ணாச்சி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. சசிதரன் அவருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார். அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தயாரிப்பாளர் எதிரில் எப்படிச் சொல்வது, முதல் ரிகர்சலின்போது சொல்லலாம் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அவர் ரிகர்சல் பார்க்கவில்லை. இடது ஓரக் கட்டையைத் தட்டினார், ரெக்கார்டு ஆரம்பித்தது.

புல்லாங்குழல் சரியாக வந்தது. அதை மட்டும் ஒன்றிலேயே விட்டிருந்தேன். வரி முடிந்தது, பொத்தான் இரண்டு தடவை. தாளம் விழ வேண்டிய இடத்தில் நாதஸ்வரம் கத்தியது.

அவர் நிறுத்தினார். மறுபடி ஒன்று, இரண்டு, என்டர். மறுபடி குழல். மறுபடி இரண்டு அழுத்து. மறுபடி நாதஸ்வரம். இன்னும் இரண்டு அழுத்தினார். மணி அடித்தது. அவர் கை பொத்தான் மேலேயே நின்றது. உதடு அசைவது எனக்குத் தெரிந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் எண்ணத்தை விட்டுட்டேன் போலிருக்கு சார்" என்றார் சசிதரனிடம். "இப்ப கொஞ்ச நாளா சுகர் இருக்கு. மறதி வருதோ என்னவோ."

"சாரமில்ல, சாரமில்ல" என்றார் சசிதரன், பரவாயில்லை என்று ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது தெரிந்தது.

அப்போது நான் எழுந்து உள்ளே போய், ‘தப்பு என்னுடையது’ என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு வார்த்தைகூட இல்லை. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மனுஷன் தன் மூளையையே சந்தேகப்படுகிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குரியன் சார் எழுந்து உள்ளே போனார். பச்சைத் திரையைக் குனிந்து பார்த்தார். நான் தட்டிய பேர்கள் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. அவர் நிமிர்ந்து, "சசிதரன், வாங்க, ஒரு டீ குடிக்கலாம்" என்றார். வெளியே டீ குடித்து அவரை யாரும் பார்த்ததில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆரோடு சோதிச்சு?"

யாரைக் கேட்டுச் செய்தாய் என்று அர்த்தம். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

உள்ளே போனேன். அண்ணாச்சி என் செருப்புச் சத்தத்தை வைத்தே, "மீனா, எனக்கு என்னமோ ஆயிட்டுதும்மா" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலை அண்ணாச்சி. நான்தான் மாத்தினேன். நேத்து வந்து எல்லாத்தையும் மாத்தி அடுக்கினேன்." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. தலை சரியாக இருக்கிறது என்கிற நிம்மதி. அதைப் பார்த்தது திட்டு வாங்கியதைவிடக் கொடுமையாக இருந்தது. கோபம் அப்புறம்தான் வந்தது.

"எதுக்கு?"

"ஒழுங்கா இருக்கட்டும்னு..."

"இதுக்கு முன்ன ஒழுங்கா இல்லைன்னு உனக்கு யாரு சொன்னா?"

புது வரிசையைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "இப்ப எப்படி? பாட்டு முழுசும் பழைய எண்ணத்துலதான் கையில இருக்கு. பழையதைப் போடு. எவ்வளவு நேரம் இருக்கு?" என்றார். பழையது என்னிடம் இல்லை, மேலேயே சேமித்துவிட்டேன் என்றேன். "உன்கிட்ட இல்லைன்னா என்ன? என்கிட்ட இருக்கு. உக்காரு."

அவர் சொல்லச் சொல்ல நான் போட்டேன். எந்த வாத்தியம், எந்தத் தொகுப்பு, அதில் எத்தனையாவது சத்தம், எவ்வளவு வால்யூம், பதினாறுக்கும் மனசிலிருந்தே சொன்னார். சொல்லும்போதே காரணமும் சொல்லிக்கொண்டு போனார், எனக்காக இல்லை, கோபத்தில். புல்லாங்குழலிலிருந்து தாளத்துக்கு ஒரு பாட்டில் நாற்பது தடவை போக வேண்டும். ஒன்றிலிருந்து மூன்றுக்கு இரண்டு அழுத்து. பத்தில் வைத்தால் ஒன்பது அழுத்து, அதற்குள் தாளம் வீட்டுக்குப் போய்விடும். ஏழில் இன்னொரு புல்லாங்குழல் எதற்கு? வயலினிலிருந்து குழலுக்கு ஒரே அழுத்தில் வருவதற்கு. கைக்கு வந்த இடத்தில் போட்டவர் என்று நான் நினைத்த மனுஷன், ஒவ்வொரு அழுத்தலையும் அளந்து வைத்திருந்தார்.

"அஞ்சு?" என்றேன். "அஞ்சு காலியா இருந்துதே."

"அது காலி இல்லைம்மா. பாட்டுக்கு நடுவுல எண்ணம் தப்பினா நான் சத்தம் வராத இடம் வரைக்கும் போவேன். சத்தம் வரலைன்னா அது அஞ்சு. அங்கருந்து மறுபடி எண்ணிக்கலாம். இன்னைக்கும் அதைத்தான் தேடினேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "அங்க மணி அடிச்சுது."

இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அதுவரை குரியன் சார் சசிதரனைத் திரும்பி வர விடவில்லை. மாதத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர், பொன்முடிக்குப் போகிற வழியில் கல்லாற்றில் எப்போதோ குளித்த கதையைச் சொல்லிக்கொண்டு மூன்று டீ வாங்கிக் கொடுத்தாராம். பின்னால் சசிதரனே சொல்லிச் சிரித்தார்.

அவர்கள் உள்ளே வந்ததும் அண்ணாச்சி இடது ஓரக் கட்டையைத் தட்டினார். ஒரு தடவையில் முழுப் பாட்டு, ஒரு பிசகு இல்லை. சசிதரன் கை தட்டினார். குரியன் சார் அவரிடம், "காலையில் நடந்தது எங்க ஸ்டூடியோவோட தப்பு, அவரோடது இல்லை" என்று தெளிவாகச் சொன்னார். என் பேரைச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அப்போதாவது சொன்னேன்.

மறுநாள் சசிதரன் போன் செய்தார். புரிகிறது, யாருடைய தப்பு என்று எல்லாம் புரிகிறது. அண்ணாச்சியின் வாசிப்பைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை, ஐந்து பாட்டுக்கும் கீபோர்டு அவரே வாசிக்கட்டும். இசையமைப்பை மட்டும் கொச்சிக்காரர் செய்யட்டும். "இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆனா, நாடகத்துக்குத் தேதி கொடுத்திருக்கேனே" என்றார். அந்த முதல் பத்து நிமிஷம் அவர் மனசில் உட்கார்ந்துவிட்டது. அதை அங்கே உட்கார வைத்தவள் நான். சி.டி. வந்தது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘கீபோர்டு: தங்கராஜ்’ என்று இருந்தது. அதற்குப் பிறகும் அவர் பேரில் ஒரு வேலையும் வரவில்லை.

அண்ணாச்சி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. எப்போதும்போலத்தான் இருந்தார். என் மகள் கல்யாணத்துக்கு வந்து வாசித்தார். ஒன்றே ஒன்று மட்டும் மாறியது. தினமும் காலையில் பெட்டி முன்னால் உட்கார்ந்ததும், ஸ்விட்ச் போடுவதற்கு முன்னால், முகத்தைத் திருப்பாமலே கேட்பார்.

"மீனா, ஏதாவது மாத்தினியா?"

"இல்லை அண்ணாச்சி."

அப்புறம்தான் ஸ்விட்ச். பதினோரு வருஷம், அவர் வேலையை விட்டு நிற்கும்வரை, ஒருநாள் தவறாமல். நான் லீவு போட்ட நாளில்கூடக் காலி அறையைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் போடுவாராம். குரியன் சார் சொன்னார்.

போன மாதம் ஸ்டூடியோவுக்குப் போனேன். அஞ்சு எல்லாம் தயாராக வைத்திருந்தாள். கேபிள் சரி, லோக்கல் ஆஃப் சரி. ஒரு தாளில் பதினாறு பார்ட்டையும் எப்படி அடுக்கப்போகிறாள் என்று அழகாக எழுதியிருந்தாள். தாளம் பத்தில். ஐந்தில் வயலின். எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் இப்படித்தான் அடுக்கினேன்.

"பழையதை ஆரும் யூஸ் செய்யறதில்லை அல்லே சேச்சி? பின்னே என்ன?"

அவள் சொன்னது சரிதான். பன்னிரண்டாம் நம்பரை இனி யாரும் வாசிக்கப்போவதில்லை. ஆனாலும் போனை எடுத்தேன். அண்ணாச்சி இப்போது வித்துராவில் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பது ஆகிறது. மகள் எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, மீனா பேசறேன்."

"என்னம்மா, ஏதாவது மாத்திட்டியா?" என்று சிரித்தார்.

"மாத்தலை. மாத்தலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்." விஷயத்தைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

"எது எங்க வருது? சொல்லு பாப்போம்" என்றார்.

அஞ்சுவின் தாளைப் பார்த்து ஒன்றிலிருந்து பதினாறு வரை வாசித்தேன், ஒரே ஒரு தடவை. முடித்ததும் அவர் ஆரம்பித்தார். ஒன்று புல்லாங்குழல், இரண்டு முகவீணை, மூன்று நாதஸ்வரம், நான்கு வீணை. "அஞ்சு..." என்று ஒரு நொடி நின்றார். "அஞ்சு வயலின்" என்று மேலே போனார். தாளில் விரல் வைத்து நானும் அஞ்சுவும் கூடவே வந்தோம். பதினாறு வரை ஒன்றுகூடப் பிசகவில்லை. அஞ்சு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாத்திக்கோம்மா. நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணாச்சி. "அன்னைக்கும் எனக்கு ஒரு நாள் முழுசா இருந்துது. ஞாயித்துக்கிழமை காலையில நீ இந்த மாதிரி ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அன்னைக்கும் மாத்திக்கோன்னுதான் சொல்லியிருப்பேன்."